ஆக்சில் ரேஷியோ – அச்சுப் பல் விகிதம்

பழைய ஃபோர்டு பிக்கப் ஒன்றின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். ஆக்சிலின் நடுவில், சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையாகப் புடைத்திருக்கும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதைப் பூசணி என்றே சொல்வார்கள். அதன் மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு ஒன்று தொங்கும்; அதில் 3L73 என்றிருந்தால், ஆக்சில் ரேஷியோ 3.73. நடுவிலுள்ள எல், லிமிடெட் ஸ்லிப் வகை (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) என்பதற்கான குறி.

3.73 எங்கிருந்து வந்தது? பூசணிக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலுக்கு 41 பல், அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனுக்கு 11 பல். 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73. பின் சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியைப் பினியனுக்குக் கொண்டுவரும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்ற வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. ரேஷியோ என்ற லத்தீன் சொல்லுக்கே கணக்கிடுதல் என்பதுதான் மூலப்பொருள்.

ஆக்சில் நமக்கு அந்நியமான சொல் அல்ல. அதுவும் லத்தீன் ஆக்ஸிஸும் வடமொழி அக்ஷமும் ஒரே குடும்பம். நம் ‘அச்சு’ அந்த அக்ஷத்திலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. வந்து வெகுகாலம் ஆகிவிட்டது: புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ என்று உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் ‘சேம அச்சு’ பற்றிப் பாடுகிறார். ஸ்டெப்னி டயர் மாதிரி, ஸ்டெப்னி அச்சு!

கியர் என்றால் ஆங்கிலத்தில் முதலில் உடுப்பு, தளவாடம் என்றுதான் பொருள். பல்லுள்ள சக்கரம் என்ற பொருள் பிற்பாடு வந்தது. தமிழில் பற்சக்கரம் என்று வடிவத்தையே பெயராக்கிவிட்டோம். எனவே ஆக்சில் கியர் ரேஷியோவுக்கு ‘அச்சுப் பல் விகிதம்’ என்பேன். ‘அச்சு விகிதம்’ போதாதா என்றால், அச்சகக்காரர் தன் தொழில் என்று நினைத்துக்கொள்வார். ‘பல்விகிதம்’ என்று சேர்த்து எழுதினாலோ பல விகிதங்கள் என்று படிக்கத் தோன்றும். இடைவெளி முக்கியம்.

இந்தச் சொல் பெரிதாக அடிபடுவது டயர் மாற்றும்போதுதான். 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குலம் போட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் போகிறது. 3.73 இருந்த இடத்தில் 3.30 இருப்பது போன்ற நிலை. இழுவை குறையும், மேட்டில் கியர் மாறி மாறித் தடுமாறும். ஸ்பீடோமீட்டரைத் திருத்தாவிட்டால் அது 60 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 68-இல் ஓடும்.

பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் பல் விகிதத்தைக் கூட்ட வேண்டும்: பழைய விகிதத்தை 35-ஆல் பெருக்கி 31-ஆல் வகுத்தால் 4.21. அப்படி ஒரு பல் ஜோடி கடையில் எளிதில் கிடைக்காது, கிடைப்பவை 4.10, 4.56. என்னைக் கேட்டால் 4.56. பெரிய டயரின் எடையும் காற்றின் தடையும் இந்தக் கணக்கில் வரவில்லையே. வெறும் நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் 4.10 போதும். ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் அச்சிலும் அதே விகிதம் வேண்டும், ஆகவே செலவும் இரண்டு மடங்கு.

ஒரு குழப்பம் உண்டு. எண் கூடினால் அமெரிக்கர் அதை ‘லோ’ கியர் என்பார்கள், எண் குறைந்தால் ‘ஹை’. தாழ், உயர் என்று மொழிபெயர்த்தால் தலைகீழாகப் புரியும். 4.56-ஐ இழுவைப் பல், 3.31-ஐ ஓட்டப் பல் என்று சொல்லிவிட்டால் சண்டையே இல்லை.

அப்புறம், பழைய வண்டி வாங்கினால் தகட்டை மட்டும் நம்பாதீர்கள். பல்லை மாற்றியவர் தகட்டை மாற்றியிருக்க மாட்டார். மூடியைத் திறந்தால் கிரவுன் வீலின் விளிம்பில் 41-11 என்பதுபோல் பல் எண்ணிக்கை பொறித்திருக்கும். அதுவும் தேய்ந்திருந்தால், உட்கார்ந்து எண்ண வேண்டியதுதான்.