வாடிப்பட்டிக்கு அழகான வழி எது?

மதுரையிலிருந்து வாடிப்பட்டிக்கு வழி கேட்டால், செல்போன் மேப் பரவை, சமயநல்லூர் என்று நான்குவழிச் சாலையில் ஏற்றிவிடும். அவசர வேலை என்றால் அதுதான் சரி. ஆனால் கோச்சடை, துவரிமான், மேலக்கால், தென்கரை என்று வைகையின் தெற்குப் பக்கமாகவே போய், பாலம் தாண்டிச் சோழவந்தானுக்குள் நுழைந்து வாடிப்பட்டி சேரும் வழியும் இருக்கிறது. தென்னந்தோப்பு, நெல்வயல், வெற்றிலைக் கொடிக்கால் என்று கண்ணுக்கு நிறைவான சாலை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறவருக்கு இதையல்லவா முதலில் காட்ட வேண்டும்? காட்டவைக்கவும் முடியும்.

வழி தேடும் கணக்கின் அடிப்படையை 1956-இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் கண்டுபிடித்தார். 1959-இல் அது அச்சில் வந்தது. சாலைகள் சந்திக்கும் முக்குகள் புள்ளிகள், நடுவில் உள்ள சாலைத்துண்டுகள் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு செலவு. கிளம்பிய இடத்திலிருந்து எந்தப் புள்ளிக்குப் போக இதுவரை ஆகும் செலவு குறைவோ, அதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அங்கிருந்து பக்கத்துப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். இப்படியே நகர்ந்தால், சேரவேண்டிய ஊர் வரும்போது செலவு மிகக் குறைந்த வழி கிடைத்திருக்கும். அந்தச் செலவு கிலோமீட்டரா, நிமிஷமா, சுங்கக் கட்டணமா என்பது பற்றிக் கணக்குக்குக் கவலை இல்லை.

அப்படியானால் அழகையும் எண்ணாக்கிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுக்கலாம், ஆனால் பார்த்துக் கொடுக்க வேண்டும். அழகான சாலைக்குப் பரிசாகச் செலவைச் சுழியத்துக்கும் கீழே இறக்கினால் கணக்கு குலைந்துவிடும். மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் யானைமலையைச் சுற்றிவர ஒரு சாலை இருந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் செலவு இறங்கிக்கொண்டே போகிறது என்று வையுங்கள். மலையைச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் மலிவு என்று கணினி முடிவுகட்டும். மேலூர் போய்ச் சேரவே சேராது. அதனால் அழகுக்குப் பரிசு தராமல், அழகு குறைந்த ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அபராதம் போடுகிறார்கள்.

உதாரணத்துக்கு எண்களை நாமே வைத்துக்கொள்வோம். நான்குவழிச் சாலை 30 நிமிஷம், அழகு 10-க்கு 2. ஆற்றோரச் சாலை 45 நிமிஷம், அழகு 8. ஒரு நிமிஷம் முழுக்க அழகற்றதாக இருந்தால் அதற்கு இன்னொரு நிமிஷம் அபராதம் என்றால், முதல் வழிக்கு 24 நிமிஷமும் இரண்டாவதற்கு 9 நிமிஷமும் கூடும். இரண்டுமே 54. அபராதத்தை இரட்டிப்பாக்கினால் முதல் வழி 78, ஆற்றோரம் 63. ஆற்றோரச் சாலை ஜெயித்துவிட்டது. அபராதத்தைக் கூட்டிக் குறைக்கும் உரிமை பயணிக்கு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும் ஊர் சுற்றப் போகிறவருக்கும் ஒரே எண் பொருந்தாது.

சரி, அந்த 2-ம் 8-ம் எங்கிருந்து வரும்? இதுதான் உண்மையிலேயே கடினமான பகுதி. 2014-இல் டேனியலே குவெர்சியாவும் அவருடைய சகாக்களும் லண்டனில் செய்த ஆய்வில், இரண்டு தெருக்களின் படங்களை அருகருகே காட்டி எது அழகு என்று மக்களிடமே கேட்டு மதிப்பெண் சேர்த்தார்கள். அதை வைத்துக் கண்டுபிடித்த நடைவழிகள் குறுக்குவழியைவிடச் சராசரியாக 12 சதவீத அளவுக்குத்தான் நீளம். 2017-இல் பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகத்தில் சனுகி செரசிங்கே குழு, மக்கள் மதிப்பெண் போட்ட இரண்டு லட்சத்துக்கும் அதிகமான படங்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. பச்சையாக இருந்தாலே அழகு என்பதில்லை என்று அதில் தெரியவந்தது. மலை, பள்ளத்தாக்கு, பழைய கட்டடம் எல்லாம் நல்ல மதிப்பெண் வாங்க, வெறும் தட்டையான புல்வெளி பின்தங்கியது. அந்தக் கணினியிடம் தென்கரை நெல்வயலைக் காட்டினால் அதையும் தட்டையான புல்வெளி என்று தள்ளிவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது. நம் ஊர் அழகுக்கு நம் ஊர் ஆட்கள்தான் மதிப்பெண் போட வேண்டும்.

அழகான பொருள் இருக்கும் இடம் வேறு, அது அழகாகத் தெரியும் இடம் வேறு. மாட்டுத்தாவணியைத் தாண்டும்போதே யானைமலை, யானை படுத்திருக்கும் உருவமாகத் தெரிகிறது. ஒத்தக்கடைக்குப் போய் அடிவாரத்தில் நின்றால் பாறைச் சுவர்தான். ஆகவே சாலையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மலைக்கு ஒரு நேர்கோடு போட்டு, நடுவில் மேடு மறைக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த நிலத்தின் உயரங்கள், சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளியாக இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவ்வளவு பெரிய கட்டங்களில் விளம்பரப் பலகை மலையை மறைப்பது தெரியாது. அதற்குத் தெருப் படங்கள்தான் கதி.

திசையும் முக்கியம். தேனிக்குப் போகும்போது உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் இறங்கினால், மலைத்தொடர் கண்ணெதிரே விரிகிறது. திரும்பி வரும்போது அதே மலை முதுகுக்குப் பின்னால். ஒரே சாலைக்குப் போக ஒரு மதிப்பெண், வர ஒரு மதிப்பெண் வேண்டும்.

அப்புறம் பருவம். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோக நிலம். அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். தண்ணீர் திறந்துவிட்டால் முதல் போகத்தில் கள்ளந்திரிக்கு இந்தப் பக்கம் நாற்று நட்டிருக்கும்போது, அந்தப் பக்கம் தரிசாகக் கிடக்கும். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் துல்லியத்தில் எடுக்கும் படங்களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பயிரின் இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது; இரண்டையும் ஒப்பிட்டுப் பசுமையை அளக்கிறார்கள். மாதாமாதம் மாறும் மதிப்பெண்ணுக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

இதை இன்றே ஓரளவு செய்துபார்க்கலாம். பிரவுட்டர் என்ற இலவச மென்பொருளில் எந்த வகைச் சாலைக்கு எவ்வளவு செலவு என்று நாமே எழுதிக்கொடுக்க முடியும். ஆறு, காடு பக்கமாகப் போகும் சாலைகளுக்குச் செலவைக் குறைக்கவும் வசதி உண்டு. அது பயன்படுத்துவது, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை. உங்கள் ஊர்க் கண்மாயும் கால்வாயும் தோப்பும் அதில் ஏறியிருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் நீங்களே குறித்துவிடலாம்.