மழைக்காலத்தில் படம் ஏன் நெளிகிறது?

நுவரெலியாவில் மழை பிடித்துச் சில வாரம் போனதுமே சுவரில் மாட்டிய படங்கள் நெளியத் தொடங்கிவிடும். கண்ணாடிக்குள் தாள் அலை அலையாக எழும்பும், ஓரங்களில் பழுப்புப் புள்ளி படரும். அச்சு மட்டம், தாள் மலிவு என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் தவறு தாளில் இல்லை. அதை அசையவிடாமல் நாலு பக்கமும் ஒட்டிவைத்ததில்தான் இருக்கிறது.

தாள் என்பது மரநார்களின் பின்னல். காற்றில் ஈரம் கூடினால் நார் அதை உறிஞ்சிப் பருக்கும், குறைந்தால் விட்டுவிட்டுச் சுருங்கும். பருப்பது குறுக்குவாட்டில்தான், நீளவாக்கில் மிகக் கொஞ்சம். ஆலையில் தாள் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத் திசையிலேயே படுத்துவிடுவதால், முழுத் தாளும் ஒரு திசையில் மட்டும் கூடுதலாக அகலும். 60 செ.மீ. தாள் ஒன்று வெயில் நாளுக்கும் அடைமழைக்கும் இடையில் ஓரிரு மி.மீ. வரை கூடிக் குறையும். ஓரமெல்லாம் பசை பிடித்திருந்தால் அந்த ஓரிரு மி.மீ. போவதற்கு இடமில்லை. அதனால் நடுவில் மேடாக எழும்புகிறது.

அடுத்த எதிரி பனி. 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9.4 கிராம்தான். பகலில் 65 சதவீத ஈரப்பதத்தில், அதாவது 11 கிராம் நீராவியோடு இருந்த காற்று, இரவில் 10 பாகைக்கு இறங்கினால் மிஞ்சுகிற 2 கிராம் அளவுக்குத் தண்ணீராக வெளியேற வேண்டும். அது முதலில் குளிர்கிற பரப்பில் படியும். தகரக் கூரையின் அடியும் சட்டத்தின் கண்ணாடியும்தான் அந்தப் பரப்புகள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் படத்தில் அந்த ஈரம் மையை இளக்கிக் கண்ணாடியோடு ஒட்டவைத்துவிடும். அப்படி ஒட்டிய படத்தை இழுக்காதீர்கள், மை கண்ணாடியோடு போய்விடும்.

ஆகவே கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி கட்டாயம். நடுவில் சன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை அழகுக்காக மட்டும் வைப்பதல்ல, அதன் 1.4 மி.மீ. தடிப்புத்தான் அந்த இடைவெளி. சன்னல் படத்தின் ஓரத்தை 4 மி.மீ. அளவு மூடினால் போதும். அமிலமில்லாத அட்டையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண மரக்கூழ் அட்டையிலிருந்து அமிலம் கசிந்து, சன்னல் விளிம்பை ஒட்டிப் படத்தில் பழுப்புக் கோடு விழும். பின்னால் ஹாட்போட் வைப்பதானால், அது படத்தைத் தொடாதபடி நடுவில் அமிலமில்லாத அட்டை ஒன்று வேண்டும்.

படத்தைப் பிடித்து நிறுத்துவது எப்படி? மேல் விளிம்பில் மட்டும், இரண்டே இடத்தில். கொடியில் துணி தொங்குவதுபோல் அது தொங்க வேண்டும். செலோடேப் வேண்டாம், அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். மெல்லிய, நீள நார்த் தாளில் 2 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு எடுங்கள். துண்டின் ஒரு முனையைப் படத்தின் பின்புறத்தில் 5 மி.மீ. மட்டும் ஒட்டி, மறு முனையைப் பின் அட்டையில் ஒட்டி, அதன்மேல் குறுக்காக இன்னொரு துண்டு ஒட்டினால் வேலை முடிந்தது.

பசையை வீட்டிலேயே செய்யலாம். உப்பும் தேங்காயும் சேர்க்காமல் ரொட்டிக்குப் பிசைவதுபோல் கோதுமை மாவைப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒரு சட்டித் தண்ணீருக்குள் வைத்துக் கசக்குங்கள். தண்ணீர் பால்போலாகும், கையில் இழுபடும் பசையம் மிஞ்சும். அதை வீசிவிடுங்கள். சட்டியில் இரவு முழுக்கத் தெளியவிட்டால் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் மாப்பொருள். மேல் தண்ணீரை வடித்து, படிந்த மாவில் ஒரு பங்குக்கு நாலு பங்கு புதுத் தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் 20 நிமிடம் கைவிடாமல் கிண்டுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஆனால் மாப்பொருள் 60 பாகை தாண்டியதுமே வீங்கிக் கண்ணாடிபோல் தெளியத் தொடங்குவதால் கவலையில்லை. ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தூரிகையால் இலேசாகப் பூசி, ஒற்றுத்தாள் வைத்து, மேலே பாரமேற்றி ஒரு மணி நேரம் காயவிடுங்கள். வேண்டும்போது ஈரம் தொட்டால் கழன்று வரும் பசை இது. மிஞ்சியதைச் சேர்த்துவைக்க வேண்டாம், இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும்.

சட்டத்துக்கு மரம் வாங்கும்போது காய்ந்ததா என்று பாருங்கள். தேயிலை மலையில் நிழலுக்கு நட்ட கிரவிலியாவை அறுத்த கையோடு சட்டமாக்கினால், பலகை காயக் காய அகலம் குறைந்து, 45 பாகையில் வெட்டிய மூலைகள் உட்பக்கமாக வாய் பிளக்கும். மழையில் உப்பினால் வெளிப்பக்கம் பிளக்கும். சட்டத்தின் உட்பள்ளத்தைக் கண்ணாடியைவிட 3 மி.மீ. பெரிதாக எடுப்பதும் இந்த அசைவுக்காகத்தான்.

கன்வஸில் அச்சிட்ட படத்துக்குக் கண்ணாடி தேவையில்லை, ஆனால் இழுத்துக் கட்ட வேண்டும். துணியை இழுத்துக் கட்டும் மரச் சட்டக்கட்டையின் இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். முகப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. துணி கூடுதலாக இருக்கட்டும். ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு ஸ்டேப்ளர் கம்பி, பிறகு அதற்கு நேரெதிரே ஒன்று, அடுத்து மற்ற இரு பக்கங்களின் நடுவிலும் அப்படியே. அங்கிருந்து மூலைகளை நோக்கி 4 செ.மீ. இடைவெளியில், பக்கம் மாற்றி மாற்றி அடித்துப் போங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் துணி சாய்ந்து இழுபட்டு, படத்திலுள்ள நேர்கோடுகள் வளையும். ஈரக் காலத்தில் துணி தளர்ந்தால் கம்பியைப் பிடுங்க வேண்டாம். மூலையில் ஆப்பு வைக்கும் கட்டையாக இருந்தால், ஆப்பை மெல்லத் தட்டினால் திரும்ப விறைக்கும்.

கடைசியில் மூடும் நாள். கண்ணாடி, மவுண்ட், படம், பின் அட்டை எல்லாவற்றையும் அடுக்கி ஓரத்தை நாடாவால் சுற்றினால் தூசியும் ராமபாணப் பூச்சியும் புகாது, ஆனால் அன்றைய ஈரமும் உள்ளேயே அடைபடும். அதனால் காற்று காய்ந்திருக்கும் நாளில் மூடுங்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச் மாதத்துப் பகல் வெயில் இதற்கு ஏற்றது. பதுளை, பண்டாரவளையில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறண்ட காலம்.

மாட்டுவதற்கு உட்சுவரையே தேர்ந்தெடுங்கள். லயத்துக் காம்பராவில் மழையடிக்கிற சுவரும் அடுப்படிச் சுவரும் சாமி படத்துக்குக்கூட ஆகாது. பழைய ரப்பர் செருப்பின் அடியிலிருந்து 1 செ.மீ. தடிப்பில் இரண்டு துண்டு நறுக்கி, சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். மழை விட்டதும் ஒருமுறை இறக்கிப் பின்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். பூஞ்சண வாடை அடித்தால் அன்றே பிரித்து நிழலில் காயவைத்து, காய்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் துடைத்து எடுங்கள்.