டி மேஜரில் ஓர் ஒப்பாரி

"முப்பது வருடங்களுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். மனைவிகளிலேயே சிறந்தவர் இவர்." 1809-இல் எடின்பரோவில் அச்சான ஓர் இசைத் தொகுப்பில், இரண்டாம் மனைவி இறந்தபோது ஒரு ஃபிடில் கலைஞர் அமைத்த ஒப்பாரி மெட்டோடு ஏறக்குறைய இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. முதல் மனைவி இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ! இருவர் பெயரும் மார்கரெட்தான்.

கணவர் நீல் கௌ, 1727-இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் டன்கெல்ட் ஊருக்கு எதிரே, டே ஆற்றின் மறுகரையில் உள்ள இன்வர் கிராமத்துக்காரர். அத்தோல் கோமகன்களின் ஆதரவில் விருந்துகளிலும் நடனங்களிலும் ஃபிடில் வாசித்தே பேர் வாங்கினார். 1787-இல் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அவரைத் தேடிப்போய்க் கேட்டார்.

அவர் வில்லில் என்ன விசேஷம்? வில்லின் கைப்பிடிப் பக்கம் கனம், நுனி லேசு. கீழ்வில், அதாவது வில்லைக் கீழ்நோக்கி இழுப்பது, கனமான பக்கத்தில் தொடங்குவதால் அழுத்தம் தானாக விழும். மேல்நோக்கித் தள்ளும் மேல்வில்லோ நுனியில் தொடங்குவது. சாதாரணக் கைகளில் சத்தம் இளைத்துப்போகும். கௌவின் மேல்வில் கீழ்வில்லுக்குச் சளைக்காது என்பதுதான் அவரைக் கேட்டவர்களின் வியப்பு. ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஸ்காட்லாந்து நடனத்தில் தாளம் விழும் இடத்தில் குட்டி ஸ்வரம், அதை உதறிவிட்டு மூன்று மடங்கு நீளமாக அடுத்தது. அந்த வெட்டுக்கு இப்படிப்பட்ட வில் வேண்டும்.

1805-இல் இரண்டாம் மார்கரெட் இறந்தபோது கௌவுக்கு 78 வயது. அப்போது பிறந்த மெட்டில் வெட்டும் இல்லை, உதறலும் இல்லை. வார்த்தைகளும் கிடையாது. சோக மெட்டென்றால் மைனர் ஸ்வர வரிசை என்று மேற்கில் ஒரு பழக்கம் உண்டே, அதுவும் இல்லை. டி மேஜர், அதாவது டி-யை ஆதார ஸ்வரமாக வைத்த நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்.

அப்புறம் ஏன் நெஞ்சைப் பிசைகிறது? மெட்டின் போக்கு ஒரு காரணம். இன்னொன்று ஃபிடிலுக்குள்ளேயே இருக்கிறது.

ஃபிடிலின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. ரோஸின் என்ற பிசின் தடவிய, வில்லின் குதிரைவால் முடி தந்தியைப் பிடித்து இழுக்கும், நழுவவிடும், மறுபடி பிடிக்கும். டி தந்தியில் இது நொடிக்கு சுமார் 294 முறை நடக்கிறது. இப்போது ஏ தந்தியில் மூன்றாம் விரலை வைத்து மேல் டி-யை வாசியுங்கள்: சுமார் 587, அதாவது இரட்டிப்பு. பக்கத்தில் சும்மா கிடக்கும் டி தந்தியைப் பாருங்கள், அதன் ஓரம் மங்கலாகத் தெரியும். வில் படவில்லை, ஆனாலும் அதிர்கிறது. மரத்தட்டு வழியாக வரும் அதிர்வு தன் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போவதால் அது விழித்துக்கொள்கிறது. விரலை மயிரிழை நகர்த்தினால் அடங்கிவிடும். ஈ தந்தியில் மூன்றாம் விரல் வைத்தால் ஏ தந்திக்கும் இதே கதைதான்.

ஆக டி மேஜரில் ஆதார ஸ்வரத்துக்கும் ஐந்தாம் ஸ்வரத்துக்கும் துணைக்குத் தந்திகள் தயாராக நிற்கின்றன. அரை ஸ்வரம் ஏற்றி ஈ ஃபிளாட்டில் வாசித்துப் பாருங்கள். மெட்டு அதேதான், ஆனால் ஆதார ஸ்வரத்துக்குப் பதில் சொல்ல ஆளில்லை, சத்தம் வறண்டுவிடும்.

நடன மெட்டுகளிலும் இந்த ரீங்காரம் உண்டு. ஆனால் அது எழுவதற்குள் அடுத்த ஸ்வரம் வந்து மூடிவிடும். இந்த மெட்டோ நிதானமாகப் போகிறது. ஒரு டி-யை வாசித்து வில்லை எடுத்த பிறகும், தொடாத அந்தத் தந்தி கொஞ்ச நேரம் தனியாக முனகிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது.