பழைய செயலியின் மேல் புதுச் செயலி இறங்கும்போது

“ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள்.” உதவிக்கு அழைத்தால் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். எங்கள் செயலியில் பயனர்களின் தரவை அழித்ததும் இதுதான். அந்தப் பதிலைச் சொன்னவர்கள் மீது தப்பு இல்லை. அதைச் சொல்லும் நிலைக்கு அவர்களைத் தள்ளியது நாங்கள்.

களப்பணியாளர்களுக்கான செயலி அது. சிக்னல் இல்லாத இடங்களில் பதிவு எடுப்பார்கள், போனிலேயே சேமிப்பார்கள், இணைப்பு கிடைத்ததும் சர்வருக்குப் போகும். ஒரே குறியீட்டில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி எழுத உதவும் மைக்ரோசாஃப்ட் கருவியான சாமரின் ஃபார்ம்ஸில் எழுதியிருந்தோம். மைக்ரோசாஃப்ட் 2024 மே 1-ஆம் தேதியோடு சாமரினுக்கான ஆதரவை நிறுத்தியது. “ஓடுகிற ஆப்பை எதற்குத் தொட வேண்டும்?” என்று அப்போது பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கதவு அன்றைக்கு மூடவில்லை, பின்னால்தான் மூடியது. ஆப்பிள் செயலிகளைக் கட்டும் கருவியான எக்ஸ்கோடில் 15-ஆம் பதிப்பு, ஆண்ட்ராய்டு பதிப்புகளைக் குறிக்கும் ஏபிஐ எண்ணில் 34, இவற்றோடு சாமரின் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 24 முதல் எக்ஸ்கோடு 16-க்கு முந்தைய பதிப்பில் கட்டிய செயலியை ஆப்பிள் ஏற்பதில்லை. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதுப்பிப்புகளும் ஏபிஐ 35-ஐக் குறிவைக்க வேண்டும் என்றது கூகுள் பிளே. பயனர் கையில் செயலி நன்றாகவே ஓடும். உங்களால்தான் ஒரு வரி திருத்தத்தைக்கூட மேலேற்ற முடியாது.

இதை முன்கூட்டியே பார்த்து, 2024-லேயே கூகுளின் அதேபோன்ற கருவியான ஃப்ளட்டருக்கு மாறினோம். சாமரினின் வாரிசாக மைக்ரோசாஃப்ட் தந்த டாட் நெட் மாவிக்குப் போவதுதான் நேர்வழி, ஆனால் எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு ஃப்ளட்டர் கைப்பழக்கம். எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எதற்கு மாறினாலும் இங்கே சொல்லப்போகும் குழி காத்திருக்கும்.

திரைகளை மறுபடி எழுத நான்கு மாதம் ஆனது. சோதனைகள் எல்லாம் பச்சை. வெளியிட்டோம். இரவில் போன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன. காலையில் அழைப்புகள் தொடங்கின. “மறுபடி லாகின் கேட்கிறது.” சரி, அது பரவாயில்லை. அடுத்து வந்ததுதான் வயிற்றைக் கலக்கியது: “நேற்று எடுத்த பதிவு ஒன்றையும் காணோம்.”

உண்மையில் அப்போது எதுவும் அழியவில்லை. ஒரே பேக்கேஜ் பெயரில், அதாவது செயலியின் அதே அடையாளப் பெயரில் வரும் புதுப்பிப்பு, பழைய செயலியின் கோப்புகளைத் தொடுவதில்லை. பதிவுகள் இருந்த பழைய எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு, ஆண்ட்ராய்டில் செயலிக்குரிய ‘ஃபைல்ஸ்’ அடைவுக்குள், புள்ளியில் தொடங்கும் ‘.லோக்கல்’ என்ற மறைவான அடைவில் பத்திரமாக இருந்தது. சாமரினில் நாங்கள் கேட்டு வாங்கிய இடம் அது. ஃப்ளட்டரில் நாங்கள் சேர்த்த தரவுத்தள நூலகமோ ‘டேட்டாபேஸஸ்’ என்ற பக்கத்து அடைவில் தேடியது. அங்கே ஒன்றும் இல்லாததால், காலியாக ஒன்றைத் தானே உருவாக்கிக்கொண்டது. பிழைச் செய்தி இல்லை, கிராஷ் இல்லை. பதிவுகள் அடுத்த அறையில் இருக்க, பயனருக்குக் காலி அறையைத் திறந்து காட்டியது.

அப்புறம்தான் உதவி அழைப்புகளை எடுத்தவர்கள் அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். செயலியை நீக்கினால் அதன் உள் அடைவு முழுவதையும் ஆண்ட்ராய்டு துடைத்துவிடும். தானியங்கி பேக்கப்பைப் பாதுகாப்பு கருதி நாங்களே அணைத்து வைத்திருந்தோம். அந்த யோசனையைக் கேட்டவர்களின் பதிவுகள் போயின. கேட்காமல் கோபத்தோடு போனைப் பையில் போட்டவர்களின் பதிவுகள் பிழைத்தன.

இவ்வளவு சோதித்தும் எப்படித் தப்பியது? என்னை அதிகம் உறுத்திய கேள்வி இது. பதில், செயலியை யார் கட்டியது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தில் இருந்தது. ஸ்டோரிலிருந்து வந்த செயலி ஒரு சாவியில் கையொப்பமானது, டெவலப்பர் கணினியில் சோதனைக்காகக் கட்டும் டீபக் பதிப்பு வேறொரு சாவியில். ஒன்றின் மேல் மற்றொன்றை வைக்க ஆண்ட்ராய்டு விடாது, கையொப்பம் பொருந்தவில்லை என்று மறுக்கும். நாம் என்ன செய்வோம்? பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுவோம். அதாவது பழைய தரவு இருக்கும் போனில் எங்கள் புதுச் செயலி ஒருமுறைகூட ஓடியதில்லை. கூகுளே கையொப்பமிடும் ஏற்பாட்டில் இருந்தால் உங்கள் ரிலீஸ் பதிப்பையும் ஸ்டோர் பதிப்பின் மேல் நேரடியாக வைக்க முடியாது. கூகுளின் வெளியீட்டுத் தளமான பிளே கன்சோலின் உள்சோதனைத் தடம் போன்ற வழியில்தான் போக வேண்டும்.

இப்போது மாற்ற வேலை வந்தால் முதல் வாரத்தில் திரையைத் தொடுவதில்லை. ஒரு நிஜ போனில் ஸ்டோர் பதிப்பைப் போட்டு, விமானப் பயன்முறையில் பத்துப் பதிவுகள் எடுத்து, செயலியைக் கட்டாயமாக நிறுத்திவிட்டு, அதன் மேல் புதியதை இறக்குகிறோம். புதியதில் ஒரே ஒரு வெற்றுத் திரை இருந்தால் போதும். பழைய தரவுக் கோப்பைப் புது இடத்துக்கு நகலெடுத்து, பத்துப் பதிவுகளையும் அது எண்ணிக் காட்ட வேண்டும்.

முதல் தடவை ஏழுதான் காட்டியது. எதையும் முதலில் ஒரு தனிக் குறிப்பில் எழுதிவைக்கும் முறையில் எஸ்க்யூலைட்டை வைத்திருந்தால், கடைசியாக எழுதியவை முதன்மைக் கோப்பில் இல்லாமல், பக்கத்தில் டபிள்யூ-ஏ-எல் என்று முடியும் தனிக்கோப்பில் இருக்கக்கூடும். எங்களுக்குள் அதை ‘வால்’ என்றே சொல்வோம். நாங்கள் தலையை மட்டும் நகலெடுத்து வாலை விட்டுவிட்டோம். பழைய இடத்திலேயே திறந்து, வாலில் உள்ளதை முதன்மைக் கோப்பில் சேர்க்கும் செக்பாயின்ட் ஓட்டி, அப்புறம் நகலெடுத்தால் பத்தும் வந்துவிடும்.

நகலெடுத்த பிறகும் பழைய கோப்பை அழிக்காதீர்கள். ஆப்பிள் ஏழு நாள் படிப்படியான வெளியீடு தருகிறது, முதல் நாள் 1 சதவீதம், அடுத்து 2, 5, 10, 20, 50, 100. கூகுளில் சதவீதத்தை நாமே வைக்கலாம். இரண்டிலும் நிறுத்தலாமே தவிர, ஏற்கெனவே இறங்கிய போன்களில் பின்னோக்கிப் போக வழியில்லை. பழைய குறியீட்டையே பெரிய பதிப்பு எண்ணோடு மறுபடி அனுப்புவதுதான் ஒரே வழி. அந்த நாள் வந்தால் அது தேடிப் போகும் கோப்பு அங்கே இருக்க வேண்டும்.

மறுபடி லாகின் கேட்காமல் இருக்கப் போனில் வைத்திருக்கும் லாகின் டோக்கனும் இதே கதைதான். சிறு அமைப்புகளைச் சேமிக்க நாங்கள் பயன்படுத்திய ஃப்ளட்டர் நூலகம் எல்லாப் பெயருக்கும் முன்னால் ‘ஃப்ளட்டர்.’ என்று ஒட்டியது, அதனால் பழைய பெயரைக் கொடுத்துக் கேட்டால் கையை விரித்தது. சாமரினிலிருந்து மாவிக்குப் போனாலும் பாதுகாப்புச் சேமிப்பகத்தின் பெயர் மாறிவிட்டது, உறவினர் வீடுதானே, பழைய சாவி பொருந்தும் என்று நம்ப வேண்டாம். நாங்கள் பழையதைப் படிக்க மட்டும் ஆண்ட்ராய்டின் சொந்த மொழியான கோட்லினில் சிறு நிரல் துண்டு எழுதினோம். இன்னொன்று: ஆண்ட்ராய்டில் அறிவிப்புச் சேனலின் (அறிவிப்புகளின் ஒரு வகை) அடையாளப் பெயரை மாற்றினால், பயனர் ஊமையாக்கி வைத்தது மறுபடி கத்தத் தொடங்கும்.

பழைய கட்டமைப்பிலேயே கடைசியாக ஒரு பதிப்பு விட்டு, எல்லாவற்றையும் சர்வருக்கு அனுப்பவைத்த பிறகு மாறலாமே என்று கேட்பார்கள். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. இரண்டு பதிப்புகளைத் தாண்டி நேராகப் புதியதற்கு வருபவர்கள் எப்போதும் இருப்பார்கள். களப்பணியாளர்களில் அப்படிப்பட்டவர்கள்தான் சிக்னல் இல்லாத இடத்தில் அதிக நாள் இருந்தவர்கள், அனுப்பாத பதிவு அதிகம் வைத்திருப்பவர்கள்.

பழைய தரவை எடுத்துவரும் அந்த இறக்குமதிக் குறியீட்டை இனி நீக்கிவிடலாமா என்று ஒவ்வொரு வெளியீட்டின்போதும் குழுவில் ஒருவர் கேட்கிறார். பழைய சாமரின் பதிப்பிலிருந்து நேராக வந்து இறங்கிய போன்கள் எத்தனை என்று லாக்கைத் திறந்து பார்ப்பேன். போன மாதம் இரண்டு. ஒன்றில் நாற்பத்தொரு பதிவுகள் இருந்தன.