போர் ட்ரோனைத் தூக்கும் மோட்டார்
உக்ரைன் போரில் இரு தரப்பும் வெடிமருந்து கட்டிய சின்ன ட்ரோன்களை லட்சக்கணக்கில் பறக்கவிட்டிருக்கின்றன. அதன் கேமராவையும் ரேடியோவையும் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். கோவைக்காரர்கள் கவனிக்க வேண்டியது அதைத் தூக்கும் நான்கு மோட்டார்களை. 1937-இலேயே ஜி.டி. நாயுடு மின்மோட்டார் செய்த ஊர் இது.

நம் கிணற்று மோட்டாரின் சுற்றும் பகுதியான ரோட்டாரில் காந்தம் கிடையாது. அசையாத பகுதியான ஸ்டேட்டரின் காயிலில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும்போது உண்டாகும் சுழலும் காந்தப்புலம், ரோட்டாரிலும் மின்சாரத்தைத் தூண்டி அதை இழுத்துச் சுற்றுகிறது. எப்படிக் கட்டினாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தொடாது. ட்ரோன் மோட்டாரில் காயில் நடுவே அசையாமல் நிற்கும். நியோடிமியம் என்ற உலோகம் கலந்த வலுவான காந்தங்கள் ஒட்டிய வெளிக்கூடு சுற்றும். ஒரு வோல்ட்டுக்கு 900 சுற்று என்று வடிவமைத்த மோட்டாருக்கு 22.2 வோல்ட் பேட்டரி கொடுத்தால், சுமை இல்லாதபோது கிட்டத்தட்ட 20,000 சுற்று.

பேட்டரி தருவது ஒரே திசையில் ஓடும் டிசி கரண்ட். அதை மூன்று பேஸாக்குவது ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பலகை. அதிலுள்ள மாஸ்ஃபெட் எனும் ஆறு எலெக்ட்ரானிக் ஸ்விட்சுகள் காயில்களுக்கு முறைவைத்துக் கரண்ட் அனுப்புகின்றன. காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்பதைத் தனி சென்சார் இல்லாமலே பலகை கண்டுபிடிக்கும்: அந்த நொடியில் கரண்ட் போகாத காயிலில், கடந்துபோகும் காந்தம் தூண்டும் வோல்ட்டை அளந்து. எனக்கு இதில் ஆகப் பிடித்த இடம் இதுதான்.

இரண்டு மோட்டார் வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றுவதால் ட்ரோனின் உடல் சுழலாது. ஏறுவது, சாய்வது, திரும்புவது எல்லாமே வேகத்தைக் கூட்டிக் குறைப்பதில்தான். ஹெலிகாப்டரின் சிக்கலான இணைப்புகள் தேவையில்லை. மலிவாக இருப்பதற்கு அது முக்கியமான காரணம்.

சரி, இதை இங்கே செய்யலாமா? ராணுவத் தளவாட உற்பத்திக்கென அரசு அறிவித்த தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் இருக்கின்றன. ஸ்டாம்பிங், காயில் கட்டுவது, ஷாஃப்ட் கடைவது எல்லாம் நம் பட்டறைகளுக்குப் பழகிய வேலை. இடிப்பது காந்தம். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். சூடு தாங்க டிஸ்ப்ரோசியம் என்ற அரிய மண் உலோகத்தைச் சேர்ப்பார்கள். 2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியத்தின் ஏற்றுமதிக்கும், அது கலந்த காந்தங்களுக்கும் கட்டுப்பாடு போட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் நியோடிமியம் இருக்கிறது. ஆனால் அதைப் பிரித்து, உலோகமாக்கி, பொடியாக்கி, காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, சூளையில் சுட்டால்தான் காந்தம். வழித்தடத்துக்கு வரும் பணத்தில் முதல் பங்கு இந்த வேலைக்குத்தான் போக வேண்டும். காயில் கட்ட இங்கே ஆள் இருக்கிறது.