மானிட்டருக்குக் கரண்ட் எங்கிருந்து? கேமரா ஒயர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்து டிவியில் படம் நின்றுபோனால் எல்லோரும் முதலில் கை வைப்பது எச்டிஎம்ஐ ஒயரில்தான். பிடுங்குவார்கள், ஊதுவார்கள், திரும்பச் செருகுவார்கள். படம் வந்துவிட்டால் "ஒயர் லூஸ்". வராவிட்டால் "ஒயர் போச்சு". தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் முகூர்த்த நாட்களில் லைவ் மிக்சிங் (பல கேமராப் படங்களை மாற்றி மாற்றி உடனுக்குடன் திரையில் காட்டும் வேலை) செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒயர் மேல் விழும் பழியில் பெரும்பகுதி கரண்டுக்குப் போய்ச் சேர வேண்டியது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எத்தனை மீட்டர் ஒயர் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மானிட்டர் நிற்கப்போகும் இடத்தில் அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? இதற்குப் பதில் கிடைத்தால் எந்த ஒயர், எவ்வளவு நீளம் என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

சிக்னல் கோளாறா, கரண்ட் கோளாறா என்று பிரித்தறிவது கடினமில்லை. சிக்னல் கோளாறு என்றால் மானிட்டர் உயிரோடு இருக்கும். படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், அடிக்கடி கறுத்து மீளும், அல்லது "நோ சிக்னல்" என்று எழுதிக் காட்டும். கரண்ட் போதவில்லை என்றால் அந்த எழுத்துகூட நிற்காது. கம்பெனி லோகோ வரும், படம் வரும், அணையும், மறுபடி லோகோ வரும். பிரைட்னஸைக் குறைத்து வைத்தால் ஒழுங்காக ஓடும். வெயிலில் தெரியவில்லையே என்று முழுதாக ஏற்றினால் படுத்துவிடும். இதைக் கண்ணால் பார்த்த பிறகும் எச்டிஎம்ஐ ஒயரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எச்டிஎம்ஐ ஒயரிலேயே 5 வோல்ட் வருகிறதே, அது போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வருவது உண்மைதான். ஆனால் அந்த லைனில் கேமரா கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்ச அளவு 55 மில்லி ஆம்பியர். கணக்குப் போட்டால் கால் வாட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எதிர்முனையில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ள அது போதும். ஏழு அங்குல மானிட்டர் ஒன்று சாதாரணமாக 10 வாட் வாங்கும். லேப்டாப் பையில் வரும் மெல்லிய யூஎஸ்பி-சி மானிட்டர்களுக்கும் இதே கதை. பழைய மாதிரி யூஎஸ்பி துளையிலிருந்து இரண்டரை வாட்தான் நிச்சயமாகக் கிடைக்கும். மானிட்டர் கேட்பது அதைப் போல் மூன்று, நான்கு மடங்கு. போன் சார்ஜர் ஒயரைச் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று மானிட்டரைத் திட்டுவதிலும் பயனில்லை. அந்த ஒயர்களில் பெரும்பாலானவற்றில் படம் போவதற்கான கம்பிகளே இருக்காது.

கேமரா மேல் பொருத்தும் சின்ன மானிட்டருக்கு பேட்டரிதான் சரி. நாம் 'எஃப் பேட்டரி' என்று சொல்லும் சோனி என்பி-எஃப் வகையில் பெரியதான 970 ஏறக்குறைய 47 வாட் அவர் தாங்கும். 10 வாட் மானிட்டரை நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு இது தாராளம். போலி பேட்டரிகளின் ஸ்டிக்கரில் எந்த எண் வேண்டுமானாலும் அச்சாகியிருக்கும். வாங்கிய அன்றே முழு சார்ஜ் போட்டு, மானிட்டரை ஓடவிட்டு, எத்தனை மணிக்கு அணைகிறது என்று பார்த்துப் பேட்டரி மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். அந்த எண்ணை மட்டும் நம்பினால் போதும்.

பெரிய வி-மவுன்ட் பேட்டரியில் ஒரு வம்பு உண்டு. மேலே 14.4 வோல்ட் என்று போட்டிருந்தாலும் முழு சார்ஜில் 16.8 வோல்ட் இருக்கும். பிற கருவிகளுக்குக் கரண்ட் எடுக்கும் டி-டேப் துளையிலும் பெரும்பாலும் அதே வோல்டேஜ்தான் வெளியே வரும். மானிட்டர் பின்பக்கம் 'டிசி 7 முதல் 24 வோல்ட்' என்று இருந்தால் கவலையில்லை. வெறும் 'டிசி 12 வோல்ட்' என்று இருந்தால் நடுவில் ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டாதீர்கள். டி-டேப் பிளக்கை அவசரத்தில் தலைகீழாக அழுத்தினால் சில துளைகளில் உள்ளே போய்விடும். பிளஸ் மைனஸ் மாறினால் ஒரு நொடிகூட அவகாசம் கிடைக்காது.

அப்புறம் 12 வோல்ட் அடாப்டரை ஒரு மூலையில் வைத்துவிட்டு, அங்கிருந்து மெல்லிய ஒயரை இழுத்துப்போய் மானிட்டருக்குக் கொடுக்கும் பழக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இது ரொம்ப அதிகம். 17 அங்குல மானிட்டர் ஒன்று 24 வாட் வாங்குகிறது என்று வையுங்கள். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர். 0.75 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரை 20 மீட்டர் இழுத்தால், போக 20, வர 20, மொத்தம் 40 மீட்டர் செம்பு; அதன் தடை சுமார் 1 ஓம். 2 ஆம்பியர் போனால் 2 வோல்ட் ஒயரிலேயே கரைந்துவிடும். கணக்கு அதோடு நிற்பதில்லை. மானிட்டர் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கு 24 வாட் வேண்டும். வோல்டேஜ் குறையக் குறைய அது கூடுதல் ஆம்பியரை இழுக்கும், அதனால் இன்னும் வோல்டேஜ் இறங்கும். கடைசியில் மானிட்டர் முனையில் ஒன்பதரை வோல்ட் அளவில்தான் போய் நிற்கும். 11க்குக் கீழே போனால் அணையும்படி செய்த மானிட்டர் என்றால் லோகோ நாடகம் ஆரம்பம். இதே 20 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்டைத் தாண்டாது. ஆனால் அந்தத் தடியான ஒயரைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, 230 வோல்ட் எக்ஸ்டென்ஷனை மானிட்டர் வரை கொண்டுபோய் அடாப்டரை அங்கேயே வைத்துவிடலாம். என் வேலையில் 12 வோல்ட் ஒயர் மூன்று மீட்டரைத் தாண்டுவதில்லை.

சிசிடிவி வேலை செய்பவர்கள் இங்கே குறுக்கே வருவார்கள்: "நாங்க 3+1 கேபிள்ல (மூணு கரண்ட் கம்பி, ஒரு பட ஒயர்) அறுபது மீட்டர் இழுக்கிறோமே." இழுக்கலாம். அந்தக் கேமரா வாங்குவது நாலைந்து வாட். அதே கேபிளில் 24 வாட் மானிட்டரை ஓட்ட முடியாது. நெட்வொர்க் கேமராக்களுக்கு ஒரே ஒயரில் கரண்டும் படமும் அனுப்பும் பிஓஇ முறையில் 48 வோல்ட் அளவில் அனுப்புவதும் இதற்காகத்தான். வோல்டேஜ் நான்கு மடங்கானால் ஆம்பியர் நான்கில் ஒன்று. ஒயரில் வீணாகும் வாட் பதினாறில் ஒன்று.

எக்ஸ்டென்ஷன் டிரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து மீட்டர்தான் வேண்டும் என்று மீதியைச் சுற்றியபடியே விட்டுவிட்டு, அதில் ஹாலஜன், டிவி, அடாப்டர் எல்லாம் மாட்டினால் சுருளின் உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் ஒயரின் தோல் உருகும். லோடு போடுவதானால் முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள்.

இனி படம் போகும் ஒயர். எச்டிஎம்ஐக்கு இத்தனை மீட்டர்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை. போட வேண்டிய படத்தைப் பொறுத்தது. 1080பி படத்துக்கு 5 மீட்டர் வரை சாதாரண ஒயர் போதும், 10 மீட்டருக்கு நல்ல ஒயர் வேண்டும், 15 மீட்டர் என்பது அன்றைய அதிர்ஷ்டம். 4கே 60 என்றால் 5 மீட்டரிலேயே ஒயரின் தரம் பேச ஆரம்பித்துவிடும். அதைத் தாண்டிய தூரத்துக்கு ஆப்டிகல் எச்டிஎம்ஐ இருக்கிறது. அதற்கு திசை உண்டு. 'சோர்ஸ்' என்று எழுதிய முனை கேமரா பக்கம், 'டிஸ்பிளே' முனை மானிட்டர் பக்கம். கூட்டத்தின் காலடியில் முழுதாக இழுத்துக் கட்டிய பிறகு திருப்பிப் போட்டது தெரிந்தால் அழுகைதான் வரும். அந்த ஒயரின் முனைகளில் இருக்கும் சிப்புக்கும் கேமராவின் அந்தக் கால் வாட்டிலிருந்துதான் உணவு. சின்னக் கேமராக்கள் அதற்கே திணறும். தனி யூஎஸ்பி வால் உள்ள ஒயராக வாங்குங்கள்.

மண்டபமோ மைதானமோ, 15 மீட்டருக்கு மேல் என்றால் என் தேர்வு எஸ்டிஐதான், அதாவது டிஷ் ஒயர் போன்ற ஒற்றை ஒயரில் படம் அனுப்பும் முறை. பிஎன்சி முனை திருகிப் பூட்டிக்கொள்ளும், யாராவது காலால் இடறினாலும் லேசில் கழலாது. நல்ல செம்பு ஆர்ஜி6 ஒயரில் எச்டி-எஸ்டிஐ 100 மீட்டர் வரை போகும். 1080பியில் 50, 60 பிரேம் அனுப்பும் 3ஜி-எஸ்டிஐக்கு 70 மீட்டரோடு நிறுத்திக்கொள்வேன். 12ஜி 4கே என்றால் 30, 40 மீட்டரிலேயே யோசிக்க வேண்டும். எஸ்டிஐ கெடும் விதம் ஒகேனக்கல் காவிரி மாதிரி: கடைசி வரை சமதளத்தில் ஓடிவந்து ஓர் இடத்தில் ஒரேயடியாக விழும். 80 மீட்டரில் பளிச்சென்று இருக்கும் படம், இன்னொரு 10 மீட்டர் ஒயரை ஜாயின்ட் போட்டதும் காணாமல் போகும். அதனால் "இப்ப நல்லாத்தானே வருது" என்பது இங்கே சான்று ஆகாது.

டிஷ் ஆன்டெனா ஒயரும் ஆர்ஜி6 தானே, விலையும் குறைவு என்று வாங்குபவர்கள் அதன் நடுக்கம்பியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. டிஷ்ஷுக்கு அது பரவாயில்லை. எஸ்டிஐயில் தூரம் குறைந்துவிடும். வயர்லெஸ் கருவிகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை மனித உடம்பைத் தாண்டத் திணறும். ஆன்டெனாவைத் தலைக்கு மேலே உயர்த்துங்கள். அனுப்பும் பெட்டி, வாங்கும் பெட்டி இரண்டுக்கும் கரண்ட் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பொங்கல் முடிந்ததும் கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழா ஆரம்பமாகும். குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கும் மாட்டுக்குப் பரிசு என்பதால் புறப்படும் இடத்தில் ஒரு கேமரா, முடியும் கோட்டில் ஒரு கேமரா என்று வைத்தே ஆக வேண்டும். ஜெனரேட்டர் ஏதோ ஒரு முனையில்தான் நிற்கும். அங்கிருந்து மறுமுனை வரை 230 வோல்ட் ஒயரைத் தடுப்புக் கட்டையோடு இழுப்பதைப் பலர் செய்கிறார்கள். மாடு முட்டும் இடத்தில், ஜனம் சாய்ந்து நிற்கும் இடத்தில் அந்த ஒயர் வேண்டாம். தூரத்துக் கேமராவும் அதன் மானிட்டரும் பேட்டரியில், அங்கிருந்து வருவது எஸ்டிஐ ஒயர் மட்டும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் கேமராவுக்கு வேறு எர்த் தொடர்பு கிடையாது என்பதால், ஒயரின் வெளிக்கவசம் வழியாக இரண்டு இடத்து எர்த்துக்கு நடுவே கரண்ட் ஓடும் வேலையே இல்லை.

இரண்டுபின் அடாப்டரில் ஓடும் கேமராவைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கும். மல்டிமீட்டரில் கேமரா பாடிக்கும் எர்த்துக்கும் வைத்துப் பார்த்தால் 100 வோல்ட் முன்பின் காட்டும். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய கரண்ட் அது. ஆளைப் பொதுவாக ஒன்றும் செய்யாது. ஆனால் எச்டிஎம்ஐ முனையைச் செருகும் அந்த நொடியில் போர்ட்டில் இருக்கும் சிப்பைக் கொன்றுவிடக்கூடும். மீட்டர் 200ஐத் தாண்டிக் காட்டினால் விஷயம் வேறு. கை எடுங்கள், மெயினை அணையுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நியூட்ரல் இதைவிட மோசம். மண்டபத்துக்கு மூன்று பேஸ் வரும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, இரண்டு பேஸுக்கு நடுவே சுமார் 400. அவசரத்துக்கு முறுக்கிக் கட்டிய ஜாயின்ட்டில் நியூட்ரல் விட்டுப்போனால் லோடு அதிகமுள்ள பேஸில் வோல்டேஜ் இறங்கும், லோடு குறைந்த பேஸில் ஏறும், 300ஐயும் தாண்டும். எல்இடி வாலும் (மேடையின் பெரிய திரை) சமையல்கட்டு கிரைண்டரும் ஒரு பேஸில் இருக்க, நம் கேமரா, மிக்சர், மானிட்டர் எல்லாம் இன்னொன்றில் இலேசாக உட்கார்ந்திருக்கும். அடி விழுவது நமக்குத்தான். பிளக் மாட்டும் முன் மூன்று அளவு எடுங்கள். பேஸ்–நியூட்ரல் 230 பக்கம் இருக்க வேண்டும், பேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதுவே, நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். கடைசி அளவு இருபது, முப்பது என்று வந்தால் அந்த பாயின்ட்டில் என் சாமான் ஏறாது, பெண் வீட்டார் எவ்வளவு அவசரப்பட்டாலும். எல்இடி வால் முழு வெள்ளையாகும்போது ஒரு தடவை, ஜெனரேட்டருக்கு மாற்றிய பிறகு ஒரு தடவை திரும்ப அளந்தால் இன்னும் நல்லது. திருவிழாவில் கம்பத்தில் கொக்கி போட்டு எடுத்த லைன் என்றால் அளக்கவே வேண்டாம், ஜெனரேட்டரைக் கேளுங்கள். அதில் கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேளுங்கள். தேர் வீதியில் ஜிப் (கேமரா கிரேன்) ஏற்றுகிறவர்கள் தலைக்கு மேல் ஈபி கம்பி எங்கே போகிறது என்பதை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

மாட்டும் வரிசைக்கும் காரணம் இருக்கிறது. கேமரா, மானிட்டர், மிக்சர் மூன்றையும் முடிந்தவரை ஒரே பாக்சிலிருந்து எடுங்கள். முதலில் எல்லாவற்றுக்கும் கரண்ட் ஒயர், அப்புறம் எஸ்டிஐ. கழற்றும்போது முதலில் எஸ்டிஐ, கடைசியில் கரண்ட். மாற்றிச் செய்தால், டி-டேப்பின் மைனஸ் தொடும் முன் பிளஸ் தொட்டுவிட்ட அந்த இமைப்பொழுதில் மானிட்டர் வாங்கும் மொத்தக் கரண்டும் எஸ்டிஐ ஒயரின் கவசம் வழியாகத் திரும்பி ஓடப் பார்க்கும். கேமராவின் எஸ்டிஐ போர்ட் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

நீளத்தை அளக்கும்போது நேர்கோட்டில் அளக்காதீர்கள். தூணில் ஏறி, வாசல் நிலைக்கு மேலே போய், மறுபக்கம் இறங்கும் வழியை நடந்து அளந்து, இரண்டு முனையிலும் மூன்று மூன்று மீட்டர் சேருங்கள். 90 மீட்டர் சுருளை அப்படியே முனை போட்டு வைத்துக்கொள்வதைவிட 10, 25, 50 என்று வெட்டி வைத்துக்கொண்டால் தேவைக்கு மேல் ஒயரை இழுக்க வேண்டியிருக்காது. எஸ்டிமேட் கொடுக்கும்போது ஒயருக்கும் பேட்டரிக்கும் தனி வரி போடுங்கள். "ஒயருக்கு எதுக்குங்க காசு?" என்று கேட்பார்கள். மண்டபத்தைக் கூடவே நடந்து காட்டினால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.