மையலின்: நரம்புக்கு வெளியே இருக்கும் 'மூளை'

நரம்புச் செல்லின் படத்தில் 'மையலின் உறை' என்று குறித்திருப்பதைப் பள்ளியில் எல்லோரும் பார்த்திருப்போம். தமிழில் மையல் என்றால் மோகம், மயக்கம். அதனால் 'மையலின் உறை' என்பது வேற்றுமை உருபு ஏற்ற தமிழ்ச் சொல் போலவே தோன்றும். சிலர் 'மயலின்' என்று எழுதுகிறார்கள். மயல் என்றாலும் மயக்கம்தான். அயற்சொல் என்று சொல்லிக்கொடுக்காவிட்டால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள்.

இதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடுவோம். முதலில் பொருள். நரம்புச் செல்லிலிருந்து நீளும் இழைக்கு ஆக்சான் என்று பெயர். அந்த இழையைப் பல சுற்றுகள் சுற்றியிருக்கும் வெண்ணிற உறைதான் மையலின். நீரை நீக்கிப் பார்த்தால் அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு கொழுப்பு, மீதி புரதம். உறை இல்லாத மெல்லிய இழையில் மின் துடிப்பு வினாடிக்கு 2 மீட்டருக்குள்தான் போகும். தடித்த உறை உள்ள இழையில் 100 மீட்டரையும் தாண்டும். உறை நெடுகத் தொடர்ந்து இருப்பதில்லை. கரும்பைப் போல இடையிடையே கணுக்கள் உண்டு. துடிப்பு ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவுகிறது. இவற்றுக்கு 'ரேன்வியர் கணு' என்று பெயர் வைத்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். 'கணு' என்றதுமே படம் கண்ணில் வந்துவிடுகிறது.

மையலின் என்ற சொல்லை 1854-இல் உருவாக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. கிரேக்கத்தில் 'முயெலோஸ்' என்றால் எலும்புக்குள் இருக்கும் மச்சை (மஜ்ஜை). முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தையும் அதே சொல்லால் குறித்தார்கள். போலியோமைலிடிஸ் (இளம்பிள்ளை வாதம்), மைலோமா (ஒரு வகைப் புற்றுநோய்) ஆகிய நோய்ப் பெயர்களில் இருப்பதும் இந்த வேர்தான். முன்னதில் தண்டுவடத்தையும் பின்னதில் எலும்பு மச்சையையும் குறிக்கிறது.

தமிழிலும் இதே போன்ற ஒரு சொல் உண்டு: மூளை. இன்று தலைக்குள் இருப்பதை மட்டுமே அப்படிச் சொல்கிறோம். ஆனால் சித்த மருத்துவம் ஏழு உடல் தாதுக்களைச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்று அடுக்கும்போது, என்புக்கு அடுத்து வரும் மூளை எலும்பு மச்சையைத்தான் குறிக்கிறது. தெலுங்கில் மச்சைக்கு இன்றும் 'மூலுக' என்றுதான் பெயர். கெட்டியான எலும்புக்குள் மெத்தென்று இருப்பதற்கெல்லாம் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள், அங்கேயும் இங்கேயும். ஆனால் முயெலோஸும் மூளையும் ஒலியில் நெருங்குவதை வைத்து ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. ஒலி ஒற்றுமை மட்டும் சான்றாகாது.

மச்சை எலும்புக்கு உள்ளே இருப்பது. மையலினோ இழைக்கு வெளியே இருப்பது. ஆக, பெயரைப் பிரித்துப் பார்த்தால் அது இருக்கும் இடமே தலைகீழாகிவிடுகிறது. கை கால்களுக்குப் போகும் புற நரம்புகளில் இந்த உறையைச் செய்பவை ஷ்வான் செல்கள். 1954-இல் பெட்டி கெரன் என்ற ஆய்வாளர் கோழிக்கருவின் நரம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, ஷ்வான் செல்லின் சவ்வே இழையைச் சுருள் சுருளாகச் சுற்றி உறையாகிறது என்று காட்டினார்.

எத்தனை சுற்று சுற்றுவது என்பதை யார் சொல்வது? பெரும்பாலும் இழைதான். இழையின் பரப்பில் உள்ள நியூரெகுலின்-1 என்ற புரதத்தின் அளவைப் பொறுத்து உறை தடிக்கிறது, மெலிகிறது. ஷ்வான் செல்லுக்குள் அந்த வேலையை முடுக்கிவிடும் மரபணுக்களில் ஒன்று ஈஜிஆர்2. அது இல்லாத எலிகளில் ஷ்வான் செல் ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிடுகிறது.

மரபணு கெடாமல் இருந்தால் மட்டும் போதாது, எண்ணிக்கையும் சரியாக இருக்க வேண்டும். 17-ஆவது குரோமோசோமில் பிஎம்பி22 என்றொரு மரபணு. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று, ஆக இரண்டு படிகள் (நகல்கள்) நமக்கு இருக்கும். இந்த மரபணு அடங்கிய குரோமோசோம் துண்டு இரட்டித்து மூன்று படிகள் ஆனால் சார்கோ-மாரி-டூத் நோயின் 1ஏ வகை வருகிறது: பாதம் வளையும், கெண்டைக்கால் மெலியும், நடை தடுமாறும். 1886-இல் விவரிக்கப்பட்ட நோய்க்கு இந்தக் காரணம் 1991-இல்தான் தெரிந்தது. அதே துண்டு இல்லாமல் போய் ஒரே படி இருந்தால் வேறொரு நோய்: சிறிது அழுத்தம் பட்டாலே நரம்பு மரத்துப்போய்க் கை தொங்கிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'நரம்பு மச்சை' மூலத்துக்கு நெருக்கம், ஆனால் பழைய குழப்பத்தையும் கூடவே கொண்டுவரும். 'கொழுப்புறை' உண்மைதான், ஆனால் பிள்ளையின் நோயைப் பற்றிக் கேட்கும் பெற்றோர், நரம்பில் கொழுப்பு படிந்துவிட்டதோ என்று பயந்து நெய்யையும் பாலையும் நிறுத்திவிடக்கூடும். 'நரம்புறை' என்றால் நரம்புக் கட்டு முழுவதையும் மூடும் திசுவோடு குழம்பும்.

'காப்புறை' என்பதே என் தேர்வு. மின்கம்பிக்கு மேல் இருப்பதை மின்காப்பு என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதோடு காப்பு என்றால் காத்தல். ஷ்வான் செல் இழையை மூடுவதோடு நிற்பதில்லை, அதற்கு ஊட்டமும் தருகிறது. மேலே சொன்ன நோயில் தசை மெலிவது துடிப்பின் வேகம் குறைவதால் அல்ல. காப்பு கெட்டுப்போய் உள்ளே இருக்கும் இழையும் காலப்போக்கில் அழிவதால். இரண்டு பொருளையும் இந்த ஒரு சொல் தாங்குகிறது.

துணைச் சொற்களும் இடறாமல் வருகின்றன. உறை உருவாவது காப்புறையாக்கம், இருந்தது சிதைவது காப்புறைச் சிதைவு. பிறவியிலேயே சரியாக உருவாகாமல் போவது காப்புறைக் குறை. பிஎம்பி22-இன் விரிவையும் அப்படியே தமிழில் எழுதலாம்: புறநரம்புக் காப்புறைப் புரதம் 22. அந்த 22, புரதத்தின் எடை 22 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) என்பதைக் குறிக்கிறது.